பவுடருக்குப் போட்ட கொழுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கறிக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். கடையைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும், "கொழுப்பை எடுத்துட்டுப் போடுங்க, எலும்பைக் குறைங்க" என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் கொழுப்பைக் கேட்டு வாங்குகிறவள். "டீச்சருக்குத் தனியா எடுத்து வச்சாச்சு, யாரும் கண்ணு வைக்காதீக" என்பார். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கொழுப்பும் சேர்ந்து என் தூக்குவாளிக்குள் வந்து விழும். முப்பது வருடம் அப்படித்தான் வாங்கினேன். வாங்கிக்கொண்டு நடக்கும்போது, புருஷனை நன்றாகக் கவனிக்கிறவள் இவள் என்று ஊர் பார்க்கட்டும் என்கிற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதை மறைத்து இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் அங்கன்வாடி டீச்சர். எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். இவர் மீசை முளைத்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர். அங்கே மருந்து கலக்கும் வேலை. மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து. சல்லடையில் சலித்து, கையால் கலந்து, பதம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் மாவைவிட மெல்லியது. காற்றில் எழுந்தால் இறங்காது. சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும்போது காதும் புருவமும் மினுங்கிக்கொண்டு வருவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது.

மருந்து கலக்கும் ஆட்களுக்கென்று எங்கள் பக்கம் ஒரு சாப்பாட்டு முறை உண்டு. உள்ளே போன பவுடர் குடலில் ஒட்டிக்கொள்ளும், ஆட்டுக் கொழுப்பு அதை வழித்துக்கொண்டு வெளியே வரும் என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். சின்ன வெங்காயமும் மிளகாய் வத்தலும் உப்பும் மட்டும் போட்டு, தண்ணீரே காட்டாமல், கறியை அதன் கொழுப்பிலேயே வேகவிட்டு உப்புக்கறி செய்வேன். சட்டியில் உருகி மிஞ்சிய கொழுப்பு நெய்யில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து, மேலே கொழுப்புத் துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, அவர் முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மிச்சக் கொழுப்பை உருக்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு, வாரம் முழுக்கக் குழம்பிலும் பருப்பிலும் ஒரு கரண்டி விடுவேன். டப்பா காலியாகிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

படித்தவள்தானே, யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். என் படிப்பு எனக்குச் சொன்னது வேறு. அங்கன்வாடி சென்டர் சுவரில் நானே தொங்கவிட்ட படத்தில் வெண்ணெயும் முட்டையும் சிரித்துக்கொண்டிருக்கும். நோஞ்சான் பிள்ளைகளைத் தராசில் வைத்து, எடை கூடினால் சந்தோஷப்பட்டு, கூடாவிட்டால் தாயைக் கூப்பிட்டுச் சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விடச் சொல்வது என் பிழைப்பு. எனக்குத் தெரிந்த எதிரி இளைப்பு ஒன்றுதான். கொழுப்பு எங்கள் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தேன்.

அவருடைய சட்டைகளை மற்றத் துணிகளோடு சேர்க்க மாட்டேன். கொல்லையில் தனிக் கல்லில் துவைப்பேன். உதறினால் வெள்ளிப் புகை எழும்பும், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். அலசிய தண்ணீர் வாளியில் கண்ணாடி மாதிரி கிடக்கும். என் நகக்கண்ணில் எப்போதும் ஒரு மினுக்கம் இருக்கும். அதைப் பார்த்து அவர் சோற்றை நிறுத்திவிட்டு, "நீயும் ரெண்டு துண்டு எடுத்துக்கோ புள்ள" என்பார். "நான் என்ன மருந்தா கலக்குறேன்? பேசாமச் சாப்பிடுங்க" என்று அதட்டி, என் தட்டுக்கு வந்ததையும் அவர் தட்டுக்கே தள்ளிவிடுவேன். அந்தக் கொழுப்பில் ஒரு துண்டுகூட நான் தின்றதில்லை. மருந்து கலக்கிறவருக்கு உரியது, அதில் கை வைப்பது பாவம் என்று நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆவணி மாதத்தில் அவர் சட்டைகள் திடீரென்று சுத்தமாக வர ஆரம்பித்தன. வாளித் தண்ணீர் வெறும் அழுக்குத் தண்ணீராக ஓடியது. கேட்டதற்கு, "கம்பெனியிலேயே நல்லாத் தேச்சுக் குளிச்சிட்டு வாரேன்" என்றார். சம்பளம் குறைந்ததற்கு ஆர்டர் இல்லை என்றார். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இத்தனை வருடம் கத்தியது இப்போதாவது காதில் ஏறியதே என்று இருந்தது.

அந்தத் தீபாவளி முடிந்த மறுநாள், சீசன் ஓய்ந்து கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற நேரத்தில், இவர் குளித்து டிபன் வாளியோடு வண்டி நிற்கிற இடத்தில் போய் நின்றிருக்கிறார். தண்ணீர் பிடிக்கப் போன நான் பார்த்தேன். தெருவில் வெடித்த காகிதக் குப்பை, அதற்கு நடுவில் தனியாக இவர். "சீசன் முடிஞ்சும் ஆசை விடலையா?" என்று சிரித்தேன். "சும்மா நின்னேன்" என்று அவரும் சிரித்தார். டிபன் வாளியை எதற்குத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சோற்றையே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் வீட்டுக்காரர் புளுகு ஒரு வருடம் தாங்கியது. அடுத்த ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தோம். இவர் மொட்டை போட வரிசையில் நின்றார். நான் ஆற்று மணலில் உட்கார்ந்து பொங்கல் பானைக்குக் காவல் இருந்தேன். கம்பெனியில் மருந்து ரூம்களைக் கவனிக்கிற போர்மேன் குடும்பத்தோடு அந்தப் பக்கமாக வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"நல்லா இருக்கீகளா டீச்சர்? அண்ணனுக்குக் கேட் வேலை தோதா இருக்கா?"

"எந்தக் கேட் வேலை?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார் என்று. விடவில்லை நான். பானையைப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவரை ஓரமாக நிறுத்திக் கேட்டேன். ஒரு நாள் காலையில் இவர் ஒரே சரக்கை இரண்டு தடவை அளந்து போட்டிருக்கிறார். இன்னொரு நாள் கலந்து முடித்த மருந்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து ரூமில் பெண்கள் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே இவரைக் கம்பெனிக் கேட்டில் காவல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சுத்தமாக வந்த சட்டைக்கு அதுதான் காரணம்.

"வீட்டுல ஏன் சொல்லலை நீங்க?" என்றேன்.

"அண்ணன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு டீச்சர். அவளுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா, சொல்லிராதன்னு அழுதாரு. கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம்னு பேசி வச்சிருந்தோம்."

கம்பெனியில் எல்லாருக்கும். அந்த வண்டியில் வருகிற பெண்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் சென்டரில்தான் படிக்கின்றன. தினமும் என் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவர்கள். மொட்டைத் தலையோடு சந்தனம் பூசிக்கொண்டு மணலில் நடந்து வந்த மனிதரைப் பார்த்தபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பவுடரே மேலில் படாத ஆளுக்குப் பவுடரைக் கழுவக் கொழுப்பு அள்ளிப் போட்டிருக்கிறேன், ஒரு வருடம், ஐம்பது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வாயும் அவர் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறார். அன்றைக்குப் பொங்கல் பானை பொங்கியதா வழிந்ததா என்று எனக்கு நினைவில்லை.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அல்சைமர் என்று சொல்லிவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இருந்தது. கறிக்கடையில் தொடங்கி எவர்சில்வர் டப்பாவரை ஒன்று விடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"முப்பது வருசமாவா?" என்றார்.

கொழுப்பு பவுடரை வழித்துக்கொண்டு வராது என்று முதலில் சொன்னார். மூச்சில் போனது நுரையீரலுக்குப் போகும், சோற்றில் போனது வயிற்றுக்குப் போகும், இரண்டும் சந்திக்காது என்றார். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். அப்புறம், ஆட்டுக் கொழுப்பு, நெய், வனஸ்பதி, பாமாயில் இவற்றில் எல்லாம் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பைப் பற்றிச் சொன்னார். அது வருடக்கணக்கில் அதிகமாகப் போனால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும், குழாய்கள் கெட்டிப்படும், மூளைக்குப் போகிற நுண்ணிய குழாய்களும் அதற்குத் தப்பாது. இந்த நோயில் மூளைக்குள் ஒரு புரதம் கழிவு மாதிரிச் சேர்ந்து கட்டி தட்டுகிறது. அதைப் பெருக்கித் தள்ளுகிற வேலை கொழுப்பு மிகுந்த சாப்பாட்டால் சுணங்கலாம், மூளையில் ஒரு விதமான வீக்கம் வரலாம் என்று ஆராய்கிறார்கள் என்றார். எலிகளில் பார்த்தது வேறு, மனிதர்களில் பார்ப்பது வேறு, இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார்.

"அப்போ நான்தான் காரணமா?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் சொல்ல முடியாதும்மா. அவருக்கு பிரஷர் இருக்கு. வயசு இருக்கு. பிறவியிலேயே வந்த காரணமும் இருக்கலாம். சாப்பாடும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அலுமினியப் பவுடர்?"

"அதையும் ரொம்ப நாளாப் பேசுறாங்க. உறுதியா ஒண்ணும் இல்லை."

இருக்கலாம். அந்தச் சொல்லை நான் மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ செய்யவில்லை என்றும் சொல்லாமல், செய்தாய் என்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நம்பிக் கொடுத்ததெல்லாம் கழுத்தை அறுத்துவிட்டது என்று தோன்றியது. கறிக்கடை, டப்பா, ஊர்ப் பேச்சு, சென்டர் சுவரில் சிரிக்கிற வெண்ணெய், எல்லாம் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன. எல்லாவற்றையும்விட என் கைமேல்தான் எனக்குக் கோபம். அவர் பக்கத்து ஸீட்டில் ஜன்னல் பக்கம் தலை சாய்த்து நன்றாகத் தூங்கினார்.

குறைத்துக்கொண்டால் இதயத்துக்கும் குழாய்களுக்கும் நல்லது, போன நினைவு திரும்பாது, ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். நான் கேட்டது முதல் பாதியை மட்டும். வந்த அன்றே டப்பாவைக் கொல்லையில் கவிழ்த்தேன். கறிக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். இரண்டு கரண்டி கடலை எண்ணெய், கீரை, கம்பு, வாரம் ஒரு நாள் கண்மாய் மீன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் இனிமேல் என் கையால் கெடுதல் இல்லாத சோறு சாப்பிட வேண்டும். முப்பது வருடம் போட்டதை எடுக்க முடியாது, மிச்சத்தையாவது ஒழுங்காகப் போட வேண்டும்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மருமகன் பெயர் மறந்தது, மாதம் மறந்தது, செருப்பு எந்தக் கால் என்பது மறந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறக்கவில்லை. காலையிலேயே தட்டைக் கழுவி எடுத்துவந்து உட்கார்ந்துவிடுவார். "கொழுப்பு எங்க புள்ள? பவுடரு உள்ளயே நிக்குது" என்று நெஞ்சைத் தடவிக் காட்டுவார். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் தலையாட்டுவார், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். ஒரு காலையில் பதினோரு தடவை கேட்டார். நான் கத்தினேன். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வெள்ளைப் பூசணியைத் துண்டு துண்டாக நறுக்கி, கண்ணாடி மாதிரி ஆகிறவரை வேகவைத்து, உப்புக்கறி மசாலாவில் புரட்டி, நாலு கறித் துண்டோடு கலந்து வைத்தேன். பார்த்தால் அசல் கொழுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேலி பேசிய வாய்தான் இது. அதே பூசணிக்காயை அதே சோற்றில் நானே மறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேரின் முகம் அவருக்குக் கலைந்துபோயிருந்தது. அந்த ருசி கலையவில்லை. "ஏமாத்துற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அதற்குப் பிறகு என் கையால் வாங்கிச் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. இட்லியைப் பிட்டு உள்ளே பார்ப்பார். குழம்பை மோந்து பார்ப்பார். நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் 'புள்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அதையும் நிறுத்திவிட்டார். நான் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு ஆளைச் சாப்பிடவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மனிதர் இளைக்கவில்லை. சென்டர் தராசில் ஒரு நாள் ஏற்றி நிறுத்தினேன், எடை அப்படியே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மருந்து மாத்திரை பிடிக்கிறது போல என்று நினைத்தேன். அப்புறம் அவர் கைலியின் மடிப்பில் எண்ணெய்க் கறை வர ஆரம்பித்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. ஒரு திங்கட்கிழமை கொல்லையில் துவைக்கப் போனபோது, கல்லுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பாவைச் சுற்றி எறும்புப் படை. டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம். அச்சுப் பிசகிய பட்டாசு லேபிளில் சுற்றியது. எங்கள் பக்கம் கடைகளில் அந்தக் காகிதத்தில்தான் எதையும் மடித்துத் தருவார்கள். பிரித்தால் உறைந்துபோன ஆட்டுக் கொழுப்பு, மூன்று துண்டு. ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று தலையில் அடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் இருந்தது. அதையும் வீசினேன்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு சென்டரில் கணக்கெடுப்பு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, தெருமுனைக் கடையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவர் வெளியே வந்தார். வழி தெரியாத ஆள் வழி தெரிந்த மாதிரி நடந்தார். இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா, என் மதினி வீட்டுக்குள் போனார். வெங்காயமும் மிளகாயும் கொழுப்பில் சுருளுகிற வாசனை தெருவரைக்கும் வந்தது.

நான் உள்ளே போனபோது மதினி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவரும் சிறுபிள்ளை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தார். எந்தச் சந்தேகமும் இல்லாமல், பிட்டுப் பார்க்காமல், மோந்து பார்க்காமல்.

"எம்புட்டு நாளா நடக்குது மதினி?" என்றேன்.

மதினி கையைக் கழுவவில்லை. "நாலு மாசமா. என்ன செய்யச் சொல்ற? பசிக்குதுக்கா, வீட்டுல சோறு போட மாட்டேங்குறாகன்னு வாசல்ல வந்து நின்னு அழுதான். எந்தம்பி பசியோட நிக்க நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"டாக்டர் சொன்னதை உங்ககிட்டயும்தானே சொன்னேன். சரின்னு தலையாட்டுனீகளே."

"தலையாட்டாம? உன் வாய்க்கு யாரு பதில் சொல்லுறது? தெருவே பேசுது ஏத்தா. ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுறவ புருசனைக் காயப் போடுறான்னு பேசுது."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இது ஊர் வாய் இல்லையே. ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் வீட்டுக்கு வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்து, பாவம் நீ எம்புட்டுக் கஷ்டப்படுற என்று என் முதுகைத் தடவிவிட்டுப் போன வாய். நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "உங்க தம்பிக்கு விஷம் வைக்கிறீக" என்றேன்.

மதினி எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. "நாலு மாசமா நான் போடுறது விஷம்னா, முப்பது வருசமா நீ போட்டது என்ன ஏத்தா?" என்றார்.

 மதுரையில் டாக்டரம்மா வாயிலிருந்து வராத கேள்வி, நான் என்னையே கேட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி. இருக்கலாம் என்று சொல்லவா முடியும்? இவர் கையைப் பிடித்து எழுப்பினேன். வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்து, தெரு பார்க்க, இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். யார் யார் என்னை ஏமாற்றினார்கள் என்று வரிசையாக நினைத்து நினைத்து அழுதேன். வெயில் சாய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சேலையால் துடைத்தபடி, பக்கச் சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"வாங்க தாயி. உக்காருங்க. யாரைப் பாக்கணும்?"

மறுத்துப் பேச வேண்டாம், அவர் போக்கில் போங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மறுத்துப் பேச எனக்கும் தெம்பில்லை. "உங்க வீட்டுக்காரியப் பாக்க வந்தேன்" என்றேன்.

"பிள்ளைகளுக்குச் சோறு போடப் போயிருக்கா. வந்துருவா." அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க. இங்கன வேற ஒரு பொம்பளை இருக்கா. யாருன்னு தெரியலை, என் வீட்டுக்காரி சேலையக் கட்டிக்கிட்டுத் திரியுறா. கொழுப்புன்னு சொல்லிக் காயைப் போடுறா. இன்னைக்கு என்னைய ரோட்டுல இழுத்துட்டு வந்துட்டா."

 அவர் கைலி மடிப்பை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சிவப்பும் பச்சையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய லேபிள் காகிதம். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இதை என் வீட்டுக்காரிகிட்ட குடுத்துருவீகளா? முப்பது வருசமா என் சட்டைய அவதான் துவைக்கிறா. சட்டையில அம்புட்டும் பவுடரு. அவளுக்கும் உள்ள போயிருக்கும்ல? எனக்குத்தான் போடுவா, அவ ஒரு துண்டு திங்க மாட்டா. சோப்பு டப்பாவுக்குப் பின்னாடி வச்சுப் பாத்தேன், துவைக்க வந்தா அவ கண்ணுல படும்னு. அந்தப் பொம்பளை எடுத்துத் தூர எறிஞ்சிட்டா."

பிரித்தேன். மூன்று துண்டு. உறைந்து வெள்ளையாக இருந்தது. தன் வாயிலிருந்து மிச்சம் பிடித்து, வாரா வாரம், மறதியோடு மறதியாக, எனக்காகக் கொண்டுவந்திருக்கிறார். நான் வீசியிருக்கிறேன். அந்த நிமிடத்தில் டாக்டர் சொன்னதோ மதினி கேட்டதோ எதுவும் என் மனதில் இல்லை. எனக்கென்று வந்ததை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டியது. உப்பும் மிளகாயும் அப்புறம்தான் தெரிந்தன. இன்னொரு துண்டையும் எடுத்தேன்.

நிமிர்ந்தபோது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்கு என்னைப் பார்த்தாரே, அதே பார்வை. மிச்சம் இருந்த ஒரு துண்டைக் காகிதத்தோடு என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அவளுக்குன்னுல சொன்னேன்" என்றார். பொட்டலத்தை மறுபடியும் மடித்தார்.  "உங்களை நம்பித்தான தாயி குடுத்தேன்."